குளிர்நாட்டு வீடும் வெயில்நாட்டு வீடும்: தட்பவெப்ப விருப்பம் எப்படி உருவாகிறது?

கனடாவில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக வாழும் தமிழர் ஒருவர் மே மாதத்தில் சென்னைக்கு வந்தால், இரண்டொரு நாளிலேயே அந்தப் பனியே தேவலை என்று சொல்வதைப் பலரும் கேட்டிருப்பார்கள். ஜனவரியில் பிள்ளைகளைப் பார்க்க டொராண்டோவுக்குப் போகும் பெற்றோர், ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும் தெருவை சன்னல் வழியே பார்த்துக்கொண்டு, நம் ஊர் வெயிலே மேல் என்பார்கள். இருவருமே தங்கள் உடலின் இயல்பைச் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள். நான் குளிர் தாங்குவேன், எனக்கு வெயில் ஆகாது என்று நாம் பேசுவதெல்லாம் பிறவியிலேயே அமைந்துவிட்ட குணத்தைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும். உடலியல், கட்டடவியல், பொதுச் சுகாதாரம், உளவியல் ஆகிய துறைகளில் கடந்த சில பத்தாண்டுகளில் சேர்ந்துள்ள செய்திகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரிகிறது. குளிர், வெயில் குறித்த நம் விருப்பத்தில் பிறப்பின் பங்கு கொஞ்சம், பழக்கத்தின் பங்கு நிறைய, நாம் தூங்கி எழும் வீட்டின் பங்கு அதனினும் பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உடலைப் பார்க்கலாம். உடையின்றி, அசையாமல் இருக்கும் ஒரு மனிதருக்கு நடுக்கமும் வியர்வையும் இல்லாத நிலை, சுற்றியுள்ள காற்று ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போதுதான் கிடைக்கிறது. மனித உடல் வெப்பமண்டலத்தில் உருவானது என்பதற்கு இது நேரடியான அடையாளம். உள்ளுடலின் வெப்பம் 37 டிகிரி. சுகமாக இருக்கும் நேரத்தில் தோலின் வெப்பம் 33, 34 டிகிரி. இந்த இறக்கத்தின் வழியாகத்தான் உடலுக்குள் ஓயாமல் உண்டாகும் வெப்பம் வெளியேறுகிறது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை எட்டிவிட்டால் இந்த வழி அடைபட்டு, வியர்வை ஒன்றுதான் மிஞ்சுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆனால் அது ஆவியாக வேண்டும். நெற்றியில் வழிந்து சட்டையை நனைத்துத் தரையில் சொட்டும் வியர்வையால் உடலுக்குப் பயனில்லை.

வேலூரில் 41 டிகிரி வெயிலில் நிற்பவரும் சென்னையில் 37 டிகிரியில் நிற்பவரும் வெவ்வேறு துன்பங்களை அனுபவிப்பதன் காரணம் இதுதான். வேலூரின் வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுகிறது. தோல் எரிகிறது, தொண்டை வறள்கிறது, ஆனால் நிழலும் தண்ணீரும் கிடைத்தால் உடல் சமாளித்துவிடுகிறது. சென்னையின் புழுக்கத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை காய இடமில்லை. பிற்பகலில் கடற்காற்று நேரத்தோடு உள்ளே வந்துவிட்டால் அந்த நாள் தப்பியது. அது தாமதமானால் ஊரே தவிக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த அளவான ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) 35 டிகிரியைத் தொட்டால் நலமாக உள்ள உடலாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்ட கோட்பாட்டு எல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் வயதினரைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான எல்லை அதைவிட நான்கைந்து டிகிரி குறைவாகவே இருப்பது தெரியவந்தது.

குளிரை விரும்புகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. குளிர்ந்தால் இன்னொன்றை எடுத்துப் போர்த்திக்கொள்ளலாம், வெயிலுக்குத் தோலையா உரித்துப் போட முடியும் என்பார்கள். உடலியல் நோக்கில் இதில் உண்மை இருக்கிறது. குளிரை உடலுக்கு வெளியே, துணியாலும் சுவராலும் நெருப்பாலும் தடுத்துவிட முடியும். வெப்பத்தைக் கழிக்கும் வேலையின் பெரும்பகுதியை உடலே செய்தாக வேண்டும். ஆனால் அந்தப் போர்வை யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வியை இந்த வாதம் கேட்பதில்லை. நல்ல மேலங்கி, தண்ணீர் புகாத காலணி, எரிவாயுக் கட்டணம், வெப்பம் கசியாத சுவர் எல்லாம் இருப்பவருக்குத்தான் குளிர் எளிது. அவை இல்லாதவருக்குக் குளிரைப்போலக் கொடியது வேறில்லை.

பழக்கத்தின் வேகம் நாம் நினைப்பதைவிட அதிகம். வெப்பமான சூழலில் நாள்தோறும் உடலுழைப்பில் ஈடுபடும் ஒருவரின் உடல் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் மாறிவிடுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயத்துடிப்பு தணிகிறது, வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. குளிர்நாட்டிலிருந்து வந்து மூன்றாம் நாளில் தீர்ப்புச் சொல்பவர், இந்த மாற்றம் பாதிகூட நடக்காத உடலோடு சொல்கிறார். தலைமுறைகளாக வெப்பமண்டலத்தில் வாழ்கிறவர்களிடம் இதற்கு மாறான இன்னொரு நுட்பம் காணப்படுகிறது: புதிதாக வந்தவருக்கு வியர்வை கொட்டும் அதே சூழலில் அவர்கள் தாமதமாகவும் அளவாகவும் வியர்க்கிறார்கள். தண்ணீரையும் உப்பையும் வீணாக்காத சிக்கனமான உடல் அது.

குளிருக்கும் உடல் பழகுகிறது. எரிபொருளைப் போலக் கொழுப்பை எரித்து நேரடியாக வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பு கைக்குழந்தைகளுக்கு மட்டுமே உண்டு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பெரியவர்களிடமும் அது செயல்படுகிறது என்பதை 2009இல் வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன. பத்து நாள்கள் தினமும் சில மணி நேரம் 15 டிகிரி அளவிலான அறையில் இருந்தவர்களிடம் இக்கொழுப்பின் வேலை கூடியதோடு, அந்தக் குளிர் முன்போல உறுத்தவில்லை என்று அவர்களே சொன்னதையும் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் 2013இல் பதிவுசெய்தார்கள்.

பிறப்பின் பங்கு அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தோலில் குளிரை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் உள்ளது. புதினாவில் இருக்கும் மென்தாலைத் தொட்டால் சில்லென்று இருப்பதும் அதனால்தான். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்தமைக்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இருவருக்கும் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. டிஆர்பிஎம்8 மரபணுவை ஒட்டிய ஒரு மாற்றம் நைஜீரிய வழியினரில் 5 விழுக்காட்டினரிடமும் பின்லாந்து வழியினரில் 88 விழுக்காட்டினரிடமும் இருப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. வடக்கே குடியேறிய மனிதர்களிடம் இயற்கைத் தேர்வு நடந்திருக்கிறது என்பதற்கு இது வலுவான குறிப்பு. என்றாலும், ஒரே பெற்றோருக்குப் பிறந்த அண்ணன் டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் தம்பி யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்து இருபது ஆண்டுகளில் எதிரெதிரான விருப்பங்களுக்கு வந்துசேர்வதை இந்த மரபணு விளக்காது.

இனி, சுகமான வெப்பநிலை எது என்று உலகம் முடிவுசெய்த கதைக்கு வருவோம். நம் அலுவலகங்களில் இன்று நடப்பது அந்தக் கதையின் தொடர்ச்சி. டென்மார்க்கைச் சேர்ந்த பொறியியலாளர் போவ்ல் ஓலே ஃபாங்கர் 1970இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், சுற்றுச்சுவர்களின் வெப்பம், உடை, உடலுழைப்பு ஆகிய ஆறையும் சேர்த்தால் ஓர் அறையில் இருப்பவர்களில் எத்தனை பேர் அதை வசதியாக உணர்வார்கள் என்று கணக்கிடலாம் என்பது அதன் அடிப்படை. கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வறைகளில், பெரும்பாலும் கல்லூரி வயதினரை உட்காரவைத்துப் பெற்ற தரவுகளிலிருந்து அது உருவானது. உடையை அளக்கும் அலகு அதற்கும் முந்தியது, 1941இல் அமைந்தது. அக்கால மேலைநாட்டு ஆண் ஒருவர் அணிந்த கோட்டும் சூட்டுமே அதில் ஓர் அலகு. நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் எழுந்த, சன்னல் திறக்காத கண்ணாடிக் கட்டடங்கள் இந்த வழிமுறையைக் கொண்டே குளிரூட்டப்பட்டன. உடலுழைப்புக்கான கணக்கில் எடுக்கப்பட்டவர் 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் என்பதையும், அதனால் பெண்களின் உடல் உண்டாக்கும் வெப்பம் 35 விழுக்காடு வரை மிகைப்படுத்தப்படுகிறது என்பதையும் 2015இல் இரு டச்சு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகம் எதிலும் மே மாதத்தில் நுழைந்து பாருங்கள். நாற்காலிகளின் முதுகில் ஸ்வெட்டரும் சால்வையும் தொங்கும். மாலையில் வெளியே 36 டிகிரியில் கால் வைக்கப்போகிற பெண்கள் உள்ளே காதை மூடிக்கொண்டு தட்டச்சு செய்கிறார்கள். தலைக்கு மேலுள்ள குளிர்காற்றுத் துவாரத்தில் அட்டையை ஒட்டி மறைத்திருப்பதையும் காணலாம். மின்சாரம் செலவழித்து ஓர் ஊரின் தட்பவெப்பத்தை மறுத்து, பிறகு அந்த மறுப்பிலிருந்து காத்துக்கொள்ளக் கம்பளி அணியும் நிலை இது. தாங்கும் எல்லையும் இதனால் சுருங்குகிறது. பத்து மணி நேரம் 22 டிகிரியில் இருந்து பழகியவருக்கு வீட்டின் 30 டிகிரி பொறுக்காது. அவர் வீட்டுக்கும் ஏசி வாங்குகிறார், அதன் வெளிப்பெட்டி பக்கத்து வீட்டுச் சன்னலில் வெப்பத்தைக் கொட்டுகிறது.

ஃபாங்கரின் வழிமுறைக்கு மறுப்பு 1970களிலேயே எழுந்தது. பிரிட்டனில் மைக்கேல் ஹம்ஃப்ரீஸ், ஃபெர்கஸ் நிக்கல் ஆகியோர், ஆய்வறையை விட்டு மக்கள் உண்மையில் வேலைசெய்யும் இடங்களுக்குப் போய்க் கேட்டபோது, வெளியே வெப்பம் கூடக்கூட மக்கள் வசதியாகக் கருதும் உள்வெப்பமும் கூடுவதைக் கண்டார்கள். ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் இருவரும் பல நாட்டுக் கட்டடங்களிலிருந்து திரட்டிய ஏறத்தாழ 21,000 பதிவுகளை ஆராய்ந்து 1998இல் இதை உறுதிசெய்தார்கள். சன்னலைத் திறக்கவும் மின்விசிறியைக் கூட்டவும் உடையைத் தளர்த்தவும் உரிமை உள்ள இடத்தில், மனிதர் தம் ஊரின் வெப்பத்தோடு ஒத்துப்போகிறார் என்பதே அதன் சாரம். அமெரிக்கத் தரநிலை 2004இல் ஏற்றுக்கொண்ட எளிய கணக்கு இது: வெளியே நிலவும் மாதச் சராசரி வெப்பத்தை 0.31 ஆல் பெருக்கி 17.8ஐக் கூட்டினால் அந்த ஊரில் வசதியான உள்வெப்பம் கிடைக்கும். மே மாதச் சென்னைக்குச் சராசரி 33 டிகிரி என்று கொண்டால் விடை 28 டிகிரி. அதற்கு மேலும் மூன்றரை டிகிரி வரை பத்தில் எட்டுப் பேர் ஏற்றுக்கொள்வார்கள். ஹைதராபாத் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 2008 கோடையில் மாதவி இந்திரகண்டி நடத்திய கள ஆய்வில் மக்கள் இதமாகக் கருதிய வெப்பம் 29 டிகிரியை ஒட்டியே இருந்தது. இத்தகைய இந்திய ஆய்வுகள் 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பில் இடம்பெற்றன. 2020 முதல் விற்கும் வீட்டு ஏசிகள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. 18இல் வைத்துப் போர்வைக்குள் புகுந்து தூங்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

வீட்டின் வலிமை மிகத் தெளிவாகத் தெரிவது மரணக் கணக்கில். குளிரால் மனிதர் அதிகம் இறப்பது மிகக் குளிர்ந்த நாடுகளில் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். 1988 முதல் 1997 வரையிலான தரவுகளைக் கொண்டு 14 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், குளிர்கால மாதங்களில் கூடுதலாக நிகழும் இறப்புகள் போர்ச்சுகலில் 28 விழுக்காடு, பின்லாந்தில் 10 விழுக்காடு. லிஸ்பனின் குளிர்காலத்தைப் பின்லாந்துக்காரர் குளிர்காலம் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார். ஐரோப்பாவின் எட்டு இடங்களை ஆராய்ந்து 1997இல் வெளியான மற்றொரு ஆய்வு அதன் காரணத்தையும் காட்டியது. வெளியே 7 டிகிரி இருக்கும் ஒரே மாதிரியான நாளில், ஏதென்ஸ் வீடுகளின் கூடத்தில் சராசரி 19.2 டிகிரியும் தெற்குப் பின்லாந்தில் 21.7 டிகிரியும் இருந்தன. வெளியே போகும்போது தொப்பி அணிந்தவர்கள் ஏதென்ஸில் 13 விழுக்காடு, தெற்குப் பின்லாந்தில் 72 விழுக்காடு. குளிரை எதிரி என்று கருதி வீடு கட்டிய நாட்டில் குளிர் குறைவாகக் கொல்கிறது; எங்களுக்கு என்ன குளிர் என்று இருந்துவிட்ட நாட்டில் அதிகமாகக் கொல்கிறது.

பதின்மூன்று நாடுகளில் 7 கோடியே 40 லட்சம் இறப்புகளை ஆராய்ந்து 2015இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றும் இங்கே நினைவுகூரத் தக்கது. இறப்பு மிகக் குறைவாக நிகழும் வெப்பநிலை உலகம் முழுவதற்கும் ஒரே எண்ணாக இல்லை, ஊருக்கு ஊர் மாறுகிறது என்பது அதன் கண்டுபிடிப்புகளில் ஒன்று. மனிதருக்கு உகந்த தட்பவெப்பம் என்று தனியே ஒன்று இருந்தால் இப்படி நேர்ந்திருக்காது.

குளிர்நாட்டு வீட்டின் வாசலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். வெளிக்கதவைத் திறந்தால் உடனே கூடம் வராது; சிறு இடைவெளி அறை ஒன்று இருக்கும், அதைத் தாண்டி இரண்டாவது கதவு. பனிக்காலணியைக் கழற்றவும் மேலங்கியை மாட்டவும் அங்கே இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். சன்னலில் இரண்டு அல்லது மூன்று கண்ணாடிகள், அவற்றுக்கிடையே அடைக்கப்பட்ட வாயு, சுவருக்குள் கனமான வெப்பக்காப்பு. உள்ளே அரைக்கைச் சட்டையோடு நடமாடுகிறார்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது சுவீடன் தன் கட்டட விதிகளை இறுக்கி, வெப்பம் கசியாத வீட்டைச் சட்டக் கடமையாக்கியது. டொராண்டோவில் குளிர்மாதங்களில் வாடகை வீட்டின் உள்வெப்பத்தைக் குறைந்தது 21 டிகிரியில் வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்று மாநகராட்சி விதி சொல்கிறது. இல்லையென்றால் குடியிருப்பவர் புகார் கொடுக்கலாம். டொராண்டோவின் ஜனவரிச் சராசரி உறைநிலைக்கும் கீழே இருக்கலாம், ஆனால் அங்கு வாழ்பவர் அந்த மாதத்தின் பெரும்பகுதியைக் கழிப்பது 21 டிகிரியில். அந்தப் பனியே தேவலை என்று அவர் சொல்லும்போது பனியோடு சேர்த்து அந்தச் சுவரையும் அந்தச் சட்டத்தையும்தான் பாராட்டுகிறார்.

அந்தச் சுவர் இல்லாத குளிர் எப்படி இருக்கும் என்பதை அறிய ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி உச்சிக்குச் சென்றதிலிருந்து ஊட்டியின் நவீன வரலாறு தொடங்குகிறது. பின்னர் சென்னை மாகாண அரசே கோடைதோறும் அங்கு இடம்பெயர்ந்தது. வெயிலைத் தாங்காத ஆட்சியாளர்கள் கட்டிய பங்களாக்களில் அறைக்கு அறை கணப்பு இருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் உள்ள இலங்கையின் நுவரெலியாவிலும் அதே காட்சிதான். தேயிலைத் தோட்டத் துரையின் பங்களாவுக்குக் கீழே, தகரக் கூரை வேய்ந்த லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு குடும்பமே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அதே குளிரைக் கழித்தது. இந்திய, இலங்கை அரசுகளின் 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தமிழர்களில் பலருக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. அவர்களுக்காகவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. மலைக்குளிரிலிருந்து மலைக்குளிருக்கு அவர்களை அழைத்துச் சென்றது தேயிலை. எந்தத் தட்பவெப்பம் பிடிக்கும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

குளிரைப் பற்றிய வெறுப்பில் பெரும்பகுதி உண்மையில் இருளைப் பற்றியது என்பதையும் கவனிக்க வேண்டும். 1980களில் இலங்கையிலிருந்து நார்வே சென்ற தமிழர்களில் பலர் அந்நாட்டின் வடகோடியான பின்மார்க்கில், கரையோர ஊர்களின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் தொடுவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. ஜூலையில்கூடச் சராசரி வெப்பம் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்த ஊர்களில் கோவில் வழிபாடும் தமிழ் வகுப்பும் நடத்தி வாழ்ந்தவர்கள், பிறகு படிப்பும் வேலையும் உறவுகளும் தேடிப் பெரும்பாலும் ஆஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தார்கள். குளிர்கால மனச்சோர்வை 1984இல் முதன்முதலாக மருத்துவ நோக்கில் விவரித்த குழுவின் தலைவர் நார்மன் ரோசென்தால், தென்னாப்பிரிக்காவின் வெயிலிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். தம் சொந்தக் குளிர்காலச் சோர்வைக் கவனித்ததும் அவரை அந்த ஆய்வுக்கு இட்டுச்சென்றது. அதற்கு அவர்கள் பரிந்துரைத்த மருத்துவம் செயற்கை வெளிச்சம், வெப்பம் இல்லை. வெளிச்சக் குறைவை எதிர்கொள்வதிலும் பழக்கத்தின் கை இருக்கிறது. நார்வேயில் தெற்கிலிருந்து வடக்காக ஆஸ்லோ, டிரோம்சோ, ஸ்வால்பார்ட் ஆகிய மூன்று இடங்களில் உளவியலாளர் காரி லீபோவிட்ஸ் நடத்திய ஆய்வில், வடக்கே போகப்போக மக்கள் குளிர்காலத்தைப் பற்றி நல்லவிதமாகவே எண்ணுவது தெரிந்தது.

தட்பவெப்பம் நம் மகிழ்ச்சியை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதிலும் நாம் தவறாகவே மதிப்பிடுகிறோம். டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் இருவரும் 1998இல், வெயிலுக்குப் பெயர்போன கலிஃபோர்னியாவிலும் கடுங்குளிர் கொண்ட நடுமேற்கு அமெரிக்காவிலும் படிக்கும் மாணவர்களைக் கேட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களே அதிக நிறைவோடு வாழ்வார்கள் என்று இரு பக்கத்தினரும் ஊகித்தார்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றி அவர்கள் தந்த மதிப்பீட்டிலோ வேறுபாடே இல்லை. இடம்பெயர்வதைப் பற்றி யோசிக்கும்போது வானிலைதான் கண்முன் நிற்கிறது. இடம்பெயர்ந்த பிறகு, பேருந்து நேரமும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் மேலதிகாரியின் குணமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இந்தச் செய்திகளை எல்லாம் நம் ஊரின் மேல் வைத்துப் பார்த்தால் எழும் கேள்வி கசப்பானது. பின்லாந்து குளிருக்காகக் கட்டியது போல நாம் வெயிலுக்காகக் கட்டுகிறோமா? ஒரு காலத்தில் கட்டினோம். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்து, அதன்மேல் கனமான அடுக்குகள் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, உயரமான சுவர், வெப்பக்காற்று மேலேறி வெளியேற முற்றம், வெயில் சுவரில் நேரே விழாமல் தடுக்கத் திண்ணையும் தாழ்வாரமும், வாசலில் நனைத்துத் தொங்கவிட்ட வெட்டிவேர்த் தட்டி ஆகியவை எல்லாம் வெப்பத்தைப் பொருட்டாக மதித்த கட்டடக்கலையின் உறுப்புகள். அவற்றின் இடத்தில் இன்று ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் வந்துவிட்டது. அது விரைவானது, மலிவானது, மேலே இன்னொரு மாடி எழுப்ப உதவுவது. ஆனால் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் கீழே இறக்குவதும் அதுவே.

மேல்மாடி வீட்டில் மே மாத இரவு பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் அது உடம்பைவிடச் சூடாக இருக்கும். மின்விசிறி கூரையடியில் தேங்கிய அனலைத்தான் கீழே தள்ளும். மாலை ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்தால், மொட்டைமாடித் தொட்டியில் கொதித்த தண்ணீர் கையைச் சுடும். முகம் கழுவ ஒரு வாளியில் பிடித்து வைத்து ஆறவிட வேண்டும். வெளியே 30 டிகிரிக்கு இறங்கிய பிறகும் அறைக்குள் 34, 35 டிகிரி நின்றுகொண்டிருக்கும் இந்த வீட்டில் தூக்கம் கெட்டு எழுகிறவர் நம் ஊர்த் தட்பவெப்பமே ஆகாது என்றால், அதில் பாதி குற்றம் வெயிலுடையது, பாதி குற்றம் அந்தத் தளத்துடையது. அதே தெருவில் தரைத்தளத்தில், வேப்ப மர நிழலில் இருப்பவரின் கருத்து வேறாக இருக்கும்.

விருப்பத்தைப் பற்றிப் பேசும்போதே விருப்பத்துக்கு இடமில்லாதவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளங்களில் வேலைசெய்பவர்களுக்கு வெயில் ஏறினால்தான் உப்பு விளையும், உப்பு விளைந்தால்தான் கூலி. பாத்தியின் வெண்மையில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசவைக்க, நிழல் என்று ஒன்றில்லாத வெளியில் அவர்கள் உப்பை வாரிக் குவிக்கிறார்கள். விடியலுக்கு முன்னரே தொடங்கி வெயில் ஏறும் நேரத்தில் முடித்துக்கொள்வது அவர்களாகவே கண்டுகொண்ட தற்காப்பு. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்க வழி செய்தது. வெயிலை விதியென்று விடாமல், காக்க வேண்டிய ஆபத்து என்று அரசு ஏட்டில் எழுதியதை நான் பெரிய அடியெடுப்பாகவே கருதுகிறேன். ஆனால் நிவாரணம் இறப்புக்குப் பிறகு வருவது; கூரை அதற்கு முன்பே வேலைசெய்வது.

கூரைக்கான வழிகள் அறியப்படாதவை அல்ல. பல வீடுகளில் கோடை பிறக்கும் முன் மொட்டைமாடியில் சுண்ணாம்போடு பெவிகால் கலந்து வெள்ளையடிக்கிறார்கள். வெயிலைத் திருப்பியடிக்கும் அந்த மலிவான பூச்சு அறையின் வெப்பத்தைச் சில டிகிரி குறைக்கிறது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த குடியிருப்புகளுக்கான ஆற்றல் நெறியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரையின் வழியே கடத்தப்படும் வெப்பத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1.2 வாட் என்று உச்சவரம்பு வைத்துள்ளது. வெப்பக்காப்பு இல்லாத வெறும் கான்கிரீட் தளம் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கடத்துகிறது. இந்த நெறியை மாநிலங்கள் தத்தம் கட்டட விதிகளில் சேர்த்து, அனுமதி வழங்கும்போது சரிபார்த்தால்தான் அது வீட்டுக்குள் வரும். அப்போதும் அது புதிய கட்டடங்களுக்கே பொருந்தும். ஏற்கெனவே கட்டிய பல லட்சம் மாடிகளில், வெப்பத்தை அனுபவிப்பவர் மேல்தளத்து வாடகைக்காரர், கூரைக்குச் செலவழிக்க வேண்டியவர் வேறிடத்தில் வசிக்கும் உரிமையாளர். டொராண்டோவின் 21 டிகிரி விதி தீர்த்தது இதே சிக்கலைத்தான்; குளிருக்கு அங்கே கீழெல்லை இருப்பது போல, வாடகை வீட்டின் வெப்பத்துக்கு ஒரு மேலெல்லையை வைக்கும் விதியைத் தமிழ்நாட்டின் மாநகராட்சிகள் எழுதத் தொடங்க வேண்டும்.